ஓவனுக்குள் போகும் விரிப்பும் மேடையில் கிடக்கும் விரிப்பும்

பேக்கிங் மேட்டும் பேஸ்ட்ரி மேட்டும் சுருட்டி வைத்திருக்கும்போது பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டும் பெரும்பாலும் சிலிகானால் ஆனவை. இரண்டிலும் மாவு எளிதில் ஒட்டாது. ஆனால் ஒன்று ஓவனின் சூட்டைத் தாங்குவதற்காகவும், மற்றொன்று சமையல் மேடையில் மாவைத் தேய்ப்பதற்காகவும் செய்யப்பட்டவை. ஆகவே, வாங்குவதற்கு முன் உங்கள் சமையலில் எந்த இடத்தில் சிக்கல் வருகிறது என்று பாருங்கள். வெந்த பண்டம் ட்ரேயோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறதா, அல்லது தேய்க்கும்போதே மாவு மேடையில் ஒட்டிக் கிழிகிறதா? முன்னதற்கு பேக்கிங் மேட், பின்னதற்கு பேஸ்ட்ரி மேட்.

நல்ல பேக்கிங் மேட் என்பது கண்ணாடி இழையால் நெய்த வலையின் இருபுறமும் சிலிகான் பூசியது. சூட்டில் மேட் நீளாமலும் நெளியாமலும் ட்ரேயில் தட்டையாகப் படிந்திருப்பதற்கு அந்த வலையே காரணம். இவற்றில் பெரும்பாலானவை 230 முதல் 250 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். துல்லியமான வரம்பு உறையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். மேலிருந்து நேரடியாகச் சூடு இறங்கும் கிரில் முறையில் மட்டும் இதை வைக்கக் கூடாது. ஓவனின் அளவுகோல் குறைவாகக் காட்டினாலும், சூட்டுக் கம்பிக்கு அருகில் மேட்டின் மேற்பரப்பு அந்த வரம்பைத் தாண்டிவிடும்.

காய்ச்சிய சர்க்கரைப் பாகு, மெரிங்கு (முட்டை வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்துச் சுடுவது), மெல்லிய வேஃபர் போன்ற ஒட்டும் பண்டங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பரப்பு இல்லை என்றே சொல்வேன். ஆனால் எல்லாவற்றுக்கும் இது பொருந்திவிடாது. சிலிகான் வெப்பத்தை மெதுவாகவே கடத்துவதால், வெறும் உலோக ட்ரேயில் வேகும் குக்கீயைவிட மேட்டின் மேல் வேகும் குக்கீயின் அடிப்பக்கம் வெளிறியே இருக்கும். பரப்பு வழுவழுப்பாக இருப்பதால், வெண்ணெய் மிகுந்த மாவு சற்று அகலமாகவும் பரவும். அடி மொறுமொறுப்பாக வர வேண்டிய பீட்சாவையும் ரொட்டியையும் மேட்டில் வைப்பது வீண். மொறுமொறுப்புதான் உங்களுக்கு முக்கியம் என்றால், நீராவி கீழே வெளியேறும்படி முழுவதும் சிறு துளைகள் கொண்ட மேட் கிடைக்கிறது. நீர்த்த மாவை மட்டும் அதில் ஊற்ற முடியாது.

அளவு விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள்; நானும் ஏமாந்திருக்கிறேன். ட்ரேயின் வெளி விளிம்பை அளந்து வாங்கிய என் முதல் மேட், நான்கு ஓரங்களிலும் மேலேறிச் சுருண்டு நின்றது. ஓரத்து குக்கீகள் எல்லாம் நடுவை நோக்கிச் சரிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அளக்க வேண்டியது ட்ரேயின் உட்புற அடித்தளத்தை. ஹாஃப் ஷீட் எனப்படும் ட்ரேயின் வெளி அளவு ஏறத்தாழ 46 × 33 செ.மீ.; அதற்கான மேட்டோ ஏறத்தாழ 42 × 29.5 செ.மீ. தான். பெரிதாக வாங்கிவிட்டு வெட்டிச் சரிசெய்துகொள்ளலாம் என்று எண்ணாதீர்கள். வெட்டிய ஓரத்தில் கண்ணாடி இழை வெளியே வந்துவிடும், அது உணவில் கலக்கக் கூடாத பொருள்.

பேஸ்ட்ரி மேட்டுக்கு அளவே வேறு: 40 × 60 செ.மீ. என்பது சாதாரணம், அதனால் பெரும்பாலான ட்ரேக்களுக்குள் அது அடங்காது. அதன் மேல் அச்சிட்டிருக்கும் அளவுகோலும் வட்டங்களும் வெறும் அலங்காரம் அல்ல. 23 செ.மீ. விட்டமும் 3 செ.மீ. உயரமும் கொண்ட டார்ட் (மாவுக் கிண்ணத்தில் பூரணம் நிரப்பிய பண்டம்) அச்சுக்கு, இருபுற உயரத்துக்கு 6 செ.மீ., மடிப்புக்கு 2 அல்லது 3 செ.மீ. சேர்த்தால், சுமார் 32 செ.மீ. வட்டம் தேய்க்க வேண்டும். வட்டக் கோடு கண்ணெதிரே இருந்தால் இந்த வேலை பாதியாகக் குறைகிறது. வாங்கியதும் ஒருமுறை ஸ்கேலை வைத்து அந்தக் கோடுகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உருட்டுக்கட்டையை அழுத்தித் தள்ளும்போது மேட் நகரக் கூடாது என்பதே இதன் முதல் தகுதி. மேடையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு விரித்தால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். அடியில் மாவுத்தூள் சிக்கினால் எவ்வளவு விலையுயர்ந்த மேட்டும் வழுக்கும். சொரசொரப்பான கல் மேடையிலும் சரியாகப் பிடிக்காது. மாவை மேட்டின் மேலேயே கத்தியால் வெட்டும் பழக்கம் இருந்தால், அதை விட்டுவிட வேண்டும் அல்லது மேட்டை விட்டுவிட வேண்டும்.

பேஸ்ட்ரி மேட் என்ற பெயரில் சாதாரண பிளாஸ்டிக் விரிப்புகளும் விற்கின்றன. மேடையில் அவை குறையின்றி உழைக்கும், ஓவனில் உருகிவிடும். வெப்ப வரம்பு எங்கும் எழுதப்படாத மேட்டை ஓவனுக்குள் வைக்காதீர்கள். இரண்டு வேலைக்கும் ஆகும் என்று விற்கப்படும் மேட் ட்ரேக்குள் அடங்கும் அளவில்தான் இருக்கும் என்பதால், பெரிய வட்டம் தேய்க்க இடம் போதாது. சிறிய பிஸ்கட் மட்டும் செய்பவருக்கு அது போதும்.

வாரம்தோறும் குக்கீயோ பன்னோ சுடுபவர் முதலில் பேக்கிங் மேட்டையே வாங்கலாம். ட்ரே இரண்டு இருந்தால் மேட்டும் இரண்டு வேண்டும். எப்போதாவது மட்டும் பை (pie), டார்ட் செய்பவருக்கு பேஸ்ட்ரி மேட் அவசியமில்லை. மாவு தூவிய சுத்தமான மேடையும் ஒரு ஸ்கேலும் போதும்.

சிலிகான் எண்ணெயையும் வாசனையையும் பிடித்துவைத்துக்கொள்ளும் இயல்புடையது. பூண்டு, வெங்காயம் சேர்த்துச் சுட்ட மேட்டில் அடுத்த நாள் மெரிங்கு சுட்டால் அந்த வாசனை தெரியும். காரத்துக்கும் இனிப்புக்கும் தனித்தனி மேட் வைத்துக்கொள்வது நல்லது. கழுவியும் பிசுபிசுப்பு போகாவிட்டால், சமையல் சோடாவை நீரில் குழைத்துத் தடவி, சிறிது நேரம் கழித்து வெந்நீரில் மென்மையான பஞ்சால் தேய்த்துக் கழுவுங்கள். கம்பி நார் வேண்டாம். நன்கு உலர்ந்தபின் மடிக்காமல் சுருட்டியோ தட்டையாகவோ வையுங்கள், மடித்த இடத்தில் இழை முறியும். மேற்பரப்பு கீறி உள்ளிருக்கும் வலை வெளியே தெரிந்தால், அந்த பேக்கிங் மேட்டை அன்றே தூக்கிப் போட்டுவிடுங்கள்.