ஸ்போர்ட்ஸ் காருக்கு எக்ஸாஸ்ட் தேர்ந்தெடுப்பது எப்படி? முதல்முறை மாற்றுகிறவர்களுக்கான செய்முறை விளக்கம்

எக்ஸாஸ்ட் மாற்ற நினைக்கிற பெரும்பாலோர் வீடியோ பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். கார் நின்ற இடத்தில் நிற்கும், ஆக்ஸிலேட்டரை மிதிப்பார்கள், அரை நிமிடம் உறுமும். ஆனால் நீங்கள் வாங்கப்போவது அந்த அரை நிமிடத்தை அல்ல. கோயமுத்தூரிலிருந்து சேலம் வரை கடைசி கியரில் ஒரே சீராகப் போகும் இரண்டரை மணி நேரத்தை வாங்கப்போகிறீர்கள். அந்த நேரத்தில் காருக்குள் என்ன கேட்கிறது என்பதை வைத்துத்தான் ஒரு எக்ஸாஸ்ட்டை எடைபோட வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசையும் அதற்காகவே. கடைக்குப் போவது கிட்டத்தட்ட கடைசியில்தான் வரும்.

படி 1: எங்கே ஓட்டப்போகிறீர்கள்?

பணம் கொடுக்கும் முன் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரக்குறிப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று 182ஏ பிரிவு சொல்கிறது. சத்தமோ புகையோ அளவு மீறினால் 190(2) பிரிவு: முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் முடக்கம்.

வெளிநாட்டு சைலன்சர்களில் வட்டத்துக்குள் 'இ' எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். அது ஐரோப்பிய ஒப்புதல் முத்திரை. அளவோடு சத்தம் போடும் பொருள் என்பதற்கு நல்ல அடையாளம்தான், ஆனால் நம்மூர் ஆர்.டி.ஓ. அனுமதிக்கு அது ஈடாகாது. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் மட்டும் ஓட்டும் காருக்கும், பீளமேட்டிலிருந்து தினமும் ஆபீஸ் போகிற காருக்கும் ஒரே எக்ஸாஸ்ட் பொருந்தாது. சாலையில் ஓடும் கார் என்றால் எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவித்துவிடுங்கள். வாரண்டி மீதமிருந்தால் அதையும் விசாரியுங்கள்.

படி 2: காரை முன்னிருந்து பின்னாகப் படியுங்கள்

இன்ஜினிலிருந்து புகை வெளியே வரும் வழி இது: சிலிண்டர்களின் புகையைச் சேர்க்கும் மேனிஃபோல்டு, டர்போ இருந்தால் டர்போ, அங்கிருந்து கீழே இறங்கும் டவுன்பைப், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர், நடுக்குழாய், குறிப்பிட்ட ஒலிகளை அடக்கும் ரெசொனேட்டர், பின்னால் பெரிய சைலன்சர், கடைசியில் வெளியே தெரியும் முனையான டிப். கடைக்காரர் 'கேட்-பேக்' என்றால் கன்வர்ட்டருக்குப் பின்னால் உள்ள எல்லாம் மாறும். 'ஆக்ஸில்-பேக்' என்றால் பின் சைலன்சரும் டிப்பும் மட்டும்.

எதை மாற்றினால் எது கிடைக்கும் என்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். டர்போ காரில் புகைக்குப் பெரிய தடை டர்போவும் அதை ஒட்டிய கன்வர்ட்டரும்தான். அதனால் கேட்-பேக் மாட்டினால் சத்தம் மாறும், எடை குறையும், பவர் பெரிதாக ஏறாது. 'கேட்-பேக் போட்டா முப்பது குதிரை ஏறும்' என்று யாராவது சொன்னால், அதே காரில் மாற்றும் முன்னும் பின்னும் டைனோ இயந்திரத்தில் பவரை அளந்து எடுத்த தாளைக் கேளுங்கள். டர்போ இல்லாத காரில் ஹெட்டரின் (தனித்தனிக் குழாய்களால் ஆன மேனிஃபோல்டின்) நீளமும் குழாய்கள் சேரும் இடமும் முக்கியம். ஒரு சிலிண்டரின் புகை வேகமாகப் போகும்போது அடுத்த சிலிண்டரின் புகையையும் இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

கன்வர்ட்டரைக் கழற்றி வெறும் குழாய் போடும் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். பின் ஆக்ஸிஜன் சென்சார் அதைக் கண்டுபிடித்துவிடும். பி0420 கோடு வந்து இன்ஜின் விளக்கு எரியும். புகைச் சோதனையில் கார் தோற்கும். சிக்னலில் நிற்கும்போது பின்னால் வருகிற ஸ்கூட்டர்காரருக்குக் கண் எரியும். ட்ராக் காருக்குக்கூட சதுர இன்ச்சுக்கு 200 செல் (புகை போகும் சின்ன வழி) உள்ள கன்வர்ட்டர் போதும். கம்பெனி கன்வர்ட்டரில் வழக்கமாக சதுர இன்ச்சுக்கு 400 முதல் 600 செல் இருக்கும்.

புது கார்கள் பலவற்றில் புகையில் உள்ள கரித்துகளைப் பிடிக்கும் பெட்ரோல் பர்டிகுலேட் ஃபில்ட்டரும் உண்டு. உங்கள் வண்டியில் அது இருந்தால் அதற்குப் பின்னால் மாட்டும் செட்டைத்தான் கேட்டு வாங்க வேண்டும். ஒரே மாடலிலேயே ஃபில்ட்டர் உள்ளதும் இல்லாததும் உண்டு, குழாய்களை போல்ட் போட்டு இணைக்கும் ஃபிளேஞ்ச் வேறு இடத்தில் இருக்கும். சேஸிஸ் நம்பரைக் கொடுத்துச் சரிபார்த்தால் தவறாது.

படி 3: குழாய் அளவுக்கு ஒரு கணக்கு

பட்டறைக் கணக்கு இது: இன்ஜினின் குதிரைத்திறனை 52-ஆல் வகுங்கள். வருகிற எண்தான் குழாயின் உட்பரப்பு சதுர இன்ச்சில் எவ்வளவு வேண்டும் என்பது. சுவர் 1.5 மி.மீ. உள்ள 2.5 இன்ச் குழாய்க்கு உட்பரப்பு சுமார் 4.5 சதுர இன்ச். 3 இன்ச் குழாய்க்கு 6.5. வெளி விட்டத்தில் அரை இன்ச்தான் வித்தியாசம், வழியோ ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

2021-ல் 387 குதிரைத்திறனோடு வந்த பி.எம்.டபிள்யூ. எம்340ஐ-க்குப் போட்டுப் பாருங்கள்: 387-ஐ 52-ஆல் வகுத்தால் 7.4. ஒற்றை 3 இன்ச் குழாய் சற்றே குறைகிறது. இரட்டை 2.25 இன்ச் 7.1-ல் நிற்கிறது, இரட்டை 2.5 தாராளம். ஆகவே இந்த காருக்கு ஒற்றை 4 இன்ச் மாட்டலாம் என்று யாராவது சொன்னால் அது கணக்குக்கு ஒத்துவராத பேச்சு. டர்போவுக்குப் பின்னால் கொஞ்சம் பெரிதாக இருந்தால் பவர் கெடாது, சத்தமும் எடையும்தான் கூடும். டர்போ இல்லாத இன்ஜினில் பெரிதாகப் போட்டால் புகையின் வேகம் குறைந்து, கீழ் ஆர்.பி.எம்.மில் (இன்ஜின் நிமிடத்துக்குக் குறைவாகச் சுற்றும்போது) இழுவையே போய்விடும்.

படி 4: ட்ரோன் — அவசரப்படாமல் பார்க்க வேண்டிய இடம்

குறிப்பிட்ட வேகத்தில் காருக்குள் காதை அடைக்கிற மாதிரி 'ம்ம்ம்' என்று ஒரு ஒலி நிற்கும். அதுதான் ட்ரோன். சத்தமான எக்ஸாஸ்ட் வேறு, ட்ரோன் அடிக்கும் எக்ஸாஸ்ட் வேறு. வெளியே அமைதியாகத் தெரியும் செட்டுக்குள்ளும் ட்ரோன் இருக்கலாம், பின் சீட்டுக் குழந்தை அழுவதற்கு அதுவே போதும்.

காரணம் எளிது. நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு சுற்றுக்கும் பாதி சிலிண்டர்கள் வெடிக்கும். நாலு சிலிண்டர் இன்ஜின் 2,500 ஆர்.பி.எம்.மில் ஓடினால் வினாடிக்கு 83 வெடிப்பு, அதாவது 83 ஹெர்ட்ஸ். ஆறு சிலிண்டர் 2,000-ல் ஓடினால் 100 ஹெர்ட்ஸ். காரின் உள்கூடும் இந்த அளவில்தான் எளிதாக அதிரும். இரண்டும் சேர்ந்துவிட்டால் தப்பிக்க வழியில்லை.

இப்போதுள்ள எக்ஸாஸ்ட்டோடு எல் அண்ட் டி பைபாஸில் காலியான நேரத்தில் ஒரு முறை ஓட்டுங்கள். 80, 90, 100 கி.மீ. வேகங்களில் டேக்கோமீட்டர் என்ன காட்டுகிறது என்று பக்கத்தில் இருப்பவரைக் குறிக்கச் சொல்லுங்கள். அந்த ஆர்.பி.எம்.தான் உங்கள் காரின் ஆபத்தான இடம். பிறகு நீங்கள் விரும்பும் செட்டை ஏற்கெனவே மாட்டியவரைத் தேடி, அவர் காரில் பின் சீட்டில் உட்கார்ந்து அதே ஆர்.பி.எம்.மில் பத்து நிமிடம் போய் வாருங்கள். முன் சீட்டில் உட்கார்ந்தால் பாதிதான் தெரியும்.

மில்டெக் போன்ற கம்பெனிகள் ஒரே காருக்கு ரெசொனேட்டர் உள்ளது, இல்லாதது என இரண்டு வகை விற்கின்றன. சாலையில் ஓடும் காருக்கு ரெசொனேட்டர் உள்ளதையே எடுங்கள். அதில் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

மாட்டிய பிறகு ட்ரோன் தெரிந்தால் 'ஜே-பைப்' போடலாம். முக்கியக் குழாயிலிருந்து கிளை பிரித்து, மறுமுனையை மூடி வைப்பார்கள். ஒலி உள்ளே போய்த் திரும்பி வந்து அதே ஒலியை அடக்கிவிடும். நீளத்துக்கான கணக்கு: சூடான புகையில் ஒலியின் வேகத்தை அதிர்வெண்ணின் நாலு மடங்கால் வகுக்க வேண்டும். வேகத்தை வினாடிக்கு 480 மீட்டர் என்று வைத்தால் 83 ஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 1.45 மீட்டர் வரும், 100 ஹெர்ட்ஸுக்கு 1.2 மீட்டர். மூடிய கிளைக்குள் புகை ஆறிவிடும் என்பதால் உண்மையில் இதைவிடக் குறைந்த நீளமே பிடிக்கும். நீளமாக வைத்து ஓட்டிப்பார்த்து, இரண்டு இரண்டு சென்டிமீட்டராக வெட்டிக் குறையுங்கள். வெட்டியதை ஒட்டுவது இரட்டை வேலை.

சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் திறந்து மூடும் வால்வு உள்ள செட் வாங்கினால் ஒரு கேள்வி: வால்வு பழுதானால் திறந்து நிற்குமா, மூடி நிற்குமா? கம்பெனி வால்வு மோட்டாரின் கனெக்டரைச் சும்மா கழற்றிவிட்டால் பிழைக் கோடு வரும். பழைய மோட்டாரையே புதுக் குழாயில் மாட்ட முடிகிற செட் நல்லது. ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறும்போது, புலிகள் காப்பகத்துக்குள் அந்த வால்வு மூடியே இருக்கட்டும்.

படி 5: உலோகமும் வெல்டும்

409 ஸ்டெயின்லெஸ்ஸில் குரோமியம் சுமார் 11 சதவீதம்தான். மேலே பழுப்பு ஏறும், ஆனால் சீக்கிரம் ஓட்டை விழாது. 304-ல் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். பெரும்பாலோருக்கு இதுதான் சரி. டர்போவை ஒட்டிக் கடும் சூடு படும் இடத்துக்கு 321. டைட்டானியம் அதே தடிமனில் ஸ்டீலின் எடையில் பாதிக்குச் சற்று மேல்தான். ஸ்லோவேனியாவின் அக்ராபோவிச் அதற்குப் பேர் போனது. ஆனால் தட்டு மெல்லிசு, சத்தம் உலோகமாக ஒலிக்கும், அடி தட்டினால் நம்மூரில் சரிசெய்யத் தெரிந்த கைகள் குறைவு.

கோயமுத்தூரில் பவுண்டரிக்கும் டிக் வெல்டிங்குக்கும் பஞ்சமில்லை. அதனால் செட்டை இங்கேயே செய்து வாங்குவதும் நல்ல வழி. இரண்டு விஷயம் மட்டும் உறுதி செய்யுங்கள். ஒன்று, வளைவு. உள்ளே குண்டு வைத்து வளைத்த மேண்ட்ரல் பெண்டில் விட்டம் மாறாது. அமுக்கி வளைத்ததில் வளைவின் உள்பக்கம் சப்பையாகி வழி சுருங்கிவிடும், படி 3-ல் போட்ட கணக்கெல்லாம் வீண். "ஏனுங்கண்ணா, இது மேண்ட்ரல் பெண்டுங்களா, அமுக்குனதுங்களா?" என்று நேராகக் கேளுங்கள். வேலை தெரிந்தவர் ஒரு துண்டை எடுத்து அறுத்தே காட்டுவார்.

இன்னொன்று, வெல்டின் உள்பக்கம். குழாய்க்குள் விரல் விட்டுத் தையலைத் தடவிப் பாருங்கள். உள்ளே ஆர்கான் நிரப்பி வெல்டு செய்திருந்தால் வழவழப்பாக, மெல்லிய கோடு மாதிரி இருக்கும். நிரப்பாமல் விட்டிருந்தால் கருகிய சர்க்கரைப் பாகு மாதிரி கறுப்பாகச் சொரசொரவென்று நெருடும். அங்கேதான் முதல் விரிசல் விழும். வெளியே தங்க நிறமோ வைக்கோல் நிறமோ இருந்தால் நல்ல வெல்டு, சாம்பல் நிறம் என்றால் சூடு அதிகம்.

சைலன்சருக்குள் வெறும் கண்ணாடி நூல் திணித்திருந்தால் அது சீக்கிரம் எரிந்து பறந்துபோகும். துளைக்குழாயை ஒட்டி முதலில் ஸ்டீல் கம்பளி, அதற்கு மேல் பசால்ட் நூல் என்று சுற்றியதைக் கேளுங்கள். அடியில் சின்னத் தண்ணீர்த் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 6: மாட்டுதல்

கார் குறைந்தது மூன்று மணி நேரம் ஆறட்டும். லிஃப்ட் இல்லையென்றால் சமதளத்தில் நாலு ஸ்டாண்ட். வெறும் ஜாக்கை நம்பிக் கீழே போகாதீர்கள். பழைய போல்ட்டுகளுக்கு முந்தைய இரவே துரு நீக்கும் எண்ணெய் விட்டுவையுங்கள். ஹேங்கர் ரப்பருக்கு சோப்புத் தண்ணீர் போதும், எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிவிடும்.

புதுக் குழாயை முன்னிருந்து பின்னாக மாட்டி, எல்லா கிளாம்ப்பையும் கையால் மட்டும் பிடித்து வையுங்கள். 2 மீட்டர் 304 குழாய் 400 டிகிரி சூடேறினால் சுமார் 14 மி.மீ. நீளும். ஆகவே டிப்புக்கும் பம்பருக்கும் நடுவே சுற்றிலும் 15 மி.மீ., பின்னோக்கி நீள்வதற்கும் இடம் விடுங்கள். குழாய் எங்கேயும் பிரேக் லைன், பெட்ரோல் டேங்க், டிரைவ் ஷாஃப்ட் பக்கம் உரசக்கூடாது. தரைக்கும் குழாயின் தாழ்ந்த இடத்துக்கும் உள்ள இடைவெளி பழையதைவிடக் குறைந்தால் வேகத்தடையில் முதல் வாரமே தட்டும். எல்லாம் நேரான பிறகுதான் முன்னிருந்து பின்னாக முறுக்க வேண்டும். முறுக்கு அளவு கம்பெனித் தாளில் இருப்பதே சரி. பொதுவாக எம்8 போல்ட்டுக்கு 20 முதல் 25, ஆக்ஸிஜன் சென்சாருக்கு 40 முதல் 50 நியூட்டன் மீட்டர். சென்சாரின் மரையில் மட்டும், இறுகிப் பிடிக்காமல் காக்கும் ஆன்ட்டி-சீஸ் பசையைத் தடவுங்கள், முனையில் படக்கூடாது.

ஸ்டார்ட் செய்யும் முன் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் குழாய் முழுக்கத் துடைத்துவிடுங்கள். கைரேகை எண்ணெய் சூட்டில் வெந்து கறையாகவே நின்றுவிடும். ஸ்டார்ட் செய்வது திறந்த வெளியில்தான், மூடிய கராஜில் கூடவே கூடாது. முதல் பத்து நிமிடம் புகையும் எரிந்த வாடையும் வரும், தயாரிப்பு எண்ணெய் எரிகிறது. ஐடிலில் டிப்பை ஈரமான தடித்த துணியால் சில நொடி அழுத்திப் பிடித்தால், கசிவு உள்ள இடத்தில் 'டிக் டிக்' கேட்கும். சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து, இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோல் குறைவு என்று நினைத்து இன்னும் ஊற்றும். மைலேஜ் விழுந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

150 கி.மீ. ஓடி ஆறிய பிறகு எல்லா கிளாம்ப்பையும் இன்னொரு முறை முறுக்குங்கள். பழைய எக்ஸாஸ்ட்டை உக்கடத்தில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஃபிளேஞ்ச் முனைகளைத் துணியால் கட்டி, போல்ட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு அதோடே சேர்த்துப் பரணில் வையுங்கள். காரை விற்கும்போதும், இன்சூரன்ஸ் ஆய்வுக்கும், எஃப்.சி. புதுப்பிக்கவும் அது வேண்டியிருக்கும்.