பிளேன் போடுறதுக்கு முன்னாடி உங்க லயத்த ஒருக்கா வாசிச்சுப் பாருங்க

வீட்டுக்கு பிளேன் வரைய வர்றவங்க எங்கிட்ட மொதல்ல கேக்குறது எத்தன ரூம் வரும்னுதான். அதுல தப்பு ஒண்ணும் இல்ல, இலங்கை மலையகத் தோட்டத்துல லயம்னு சொல்ற வரிசை வீட்டுல, 10க்கு 12 அடி காம்பராவுல ஆறேழு பேரு படுத்து எந்திரிச்ச சனத்துக்கு ரூம் கணக்குதானே மொதல்ல வாயில வரும். நான் திருப்பி ஒண்ணு கேப்பேன், பழைய வீட்டுல நீங்க ரொம்ப நேரம் உக்காந்திருந்த எடம் எதுன்னு. கொஞ்ச நேரம் யோசிப்பாங்க. அப்புறம் வர்ற பதில் இஸ்தோப்பு (முன்னால இருக்குற திண்ணை), அடுப்படி, வாசப்படி, பீலிக்கரை (எல்லாரும் தண்ணி புடிக்கிற எடம்), இப்படித்தான் இருக்கும். இதுவரைக்கும் ஒருத்தர்கூட ஒரு ரூம சொன்னதில்ல.

இந்த ஒரு விஷயத்த புடிச்சுக்கிட்டு யோசிச்சா, பெரிய பெரிய தத்துவக்காரங்க வீட்டப்பத்தியும் எடத்தப்பத்தியும் பேசுனதெல்லாம் நம்ம கைக்கு எட்டுற தூரத்துலதான் இருக்குன்னு தெரியும். 7 பேர்ச் காணி கெடச்சவங்க, சொந்தமா துண்டு வாங்குனவங்க, குடுத்த வீட்டுக்கு பின்பக்கம் இழுத்துக் கட்டப்போறவங்க, எல்லாருக்கும் சேத்துதான் எழுதுறேன். மேசன் பாஸ் வந்து அத்திவாரம் வெட்டுறதுக்கு முந்தி ஒரு வாரம் ஒதுக்குனா போதும், செய்ய முடிஞ்ச வேலைதான்.

மொதல்ல ஒரு சொல்லப் பாருங்க. அகம்னா உள்ளுக்கு, அகம்னா மனசு, அகம்னா வீடு. மூணுக்கும் தமிழ்ல ஒரே சொல்லு. வீடுங்கிறது சுவரும் தகரமும் மட்டும் இல்ல, மனசு இருக்குற எடம்னு நம்ம பாஷையே சொல்லி வச்சிருக்கு. 1951ல ஜெர்மனியில டார்ம்ஸ்டாட்ங்கிற ஊர்ல, போருல வீடெல்லாம் இடிஞ்சு போய் கட்டடக்காரங்க எல்லாம் கூடி வீட்டுப் பற்றாக்குறையப் பத்தி பேசிக்கிட்டு இருந்தப்ப, ஹைடெக்கர்ங்கிற தத்துவக்காரர் எந்திரிச்சு, எங்க மொழியில கட்டுறதுங்கிற சொல்லோட பழைய வேரு குடியிருக்கிறதுங்கிற அர்த்தம்தான், குடியிருக்கக் கத்துக்காம எத்தன வீடு கட்டுனாலும் பஞ்சம் தீராதுன்னு சொன்னாரு. நல்ல பேச்சு. ஆனா ஒண்ணு, அவர் 1933ல நாஜிக் கட்சியில சேந்தவர், மண்ணு வேரு சொந்த எடம்னு அவர் பேசுறத அப்படியே முழுங்கிடக்கூடாது. நமக்கு இது நல்லாவே தெரியும். 1948ல இலங்கையில குடியுரிமைச் சட்டம் வந்து நம்ம ஆளுங்கள நாடில்லாதவங்க ஆக்குனப்ப சொன்னதும் இதே மாதிரி ஒரு பேச்சுதான், இந்த மண்ணுல உனக்கு வேரு இல்லைன்னு. அதனால குடியிருக்கிறதுன்னா பரம்பரையா வேரு இருக்கிறதுன்னு எடுத்துக்காதீங்க. இருந்து இருந்து ஒரு எடத்த தன்னோடதா ஆக்குறதுன்னு எடுத்துக்கோங்க. லயத்துல நம்ம பாட்டன் பாட்டிங்க செஞ்சது அதத்தான்.

சரி, வேலைக்கு வருவோம். லயத்தயும் காணியயும் எப்படி வாசிக்கிறதுங்கிறதுக்கு தொல்காப்பியமே ஒரு வழி போட்டுத் தந்திருக்கு. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள். முதல்ங்கிறது நிலமும் பொழுதும். கருங்கிறது அந்த நிலத்துல இருக்குற மரம், தண்ணி, சாமி, தொழில் எல்லாம். உரிங்கிறது அங்க மனுசனுக்குள்ள நடக்குறது. பாட்டுக்கு சொன்ன வரிசைதான், ஆனா காணியில நிக்கிறப்ப இதவிட நல்ல வரிசை எனக்கு இன்னும் கெடைக்கல.

நிலமும் பொழுதும் பாக்கணும்னா காணிக்கு ஒருதடவ போனா பத்தாது. வெடியக்காலையில ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா, பொழுது சாஞ்சப்புறம் ஒருக்கா, மழை பெய்யிறப்ப கட்டாயம் ஒருக்கா போங்க. மழையில தண்ணி எங்கேருந்து எறங்குது, எந்தப் பக்கம் கான் (வடிகால்) வெட்டாமலே கானு மாதிரி ஓடுதுன்னு நின்னு பாருங்க. ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம்னா மே மாசத்துலேருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்கு மழை சாரலா அடிக்கும், அந்தப் பக்கம் வாசல் வச்சா இஸ்தோப்பு வருசத்துல பாதி நாளு ஈரமாவே கெடக்கும். பதுளை, பண்டாரவளை பக்கம் கதை வேற, அங்க பெருமழை வருசக் கடைசியில, நடுவுல கச்சான் காத்து காய்ச்சி எடுக்கும். ஒரே பிளேன ரெண்டு பக்கமும் கட்டுறாங்களேன்னுதான் எனக்கு ஆத்திரம். சூரியனையும் பாருங்க, நம்ம மலைநாட்டுல ஏப்ரல் ஆரம்பத்துலயும் செப்டம்பர் ஆரம்பத்துலயும் உச்சந்தலைக்கு நேரா வரும், மார்கழி தையில தெக்கால சரிஞ்சு போகும். குளிர் காலத்துல வெயில் வேணும்னா தெக்குச் சுவர்ல ஒரு ஜன்னல் கேளுங்க.

நிலம்னு சொல்றப்ப இன்னொண்ணையும் சேத்தே சொல்லணும். 2014 ஒக்டோபர் 29ந் தேதி கொஸ்லந்தை மீரியபெத்தையில மலை சரிஞ்சு எறங்குனது லயத்து மேலதான். எடத்தோட ஆவி, எடத்தோட குணம்னு கட்டடக்கலை படிச்சவங்க அழகா பேசுவாங்க, நானும் பேசுவேன், ஆனா எடத்தோட குணத்துல மொத குணம் அந்த மண்ணு நிக்குமா எறங்குமாங்கிறதுதான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தோட அறிக்கை இல்லாம சரிவுல அத்திவாரம் போடாதீங்க. ஊருல வயசானவங்ககிட்டயும் கேளுங்க, எந்த எடத்துல ஊத்து வரும், எங்க மண்ணு வெடிச்சிருந்துச்சுன்னு அவங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அடுத்து கரு. இதுக்குத்தான் பழைய லயத்துக்கு திரும்பிப் போகச் சொல்றேன், இன்னும் இடிக்காம இருந்தா. ஒரு கொப்பி எடுத்துக்கிட்டு போங்க. பொருள எழுதாதீங்க, என்ன நடக்குதுன்னு எழுதுங்க. எங்க அம்மாயி, அதான் அம்மாவோட அம்மா, அவங்க காம்பராவ வச்சு ஒரு மாதிரி காட்டுறேன்.

காலையில இஸ்தோப்பு விளிம்புல அம்மாயி உக்காரும், வலது கால் வாசல்ல, இடது கால் மடிச்சு. முதுகு தூண்ல சாஞ்சிருக்கும், அந்தத் தூண்ல அந்த ஒசரத்துல சுண்ணாம்பு போயி எண்ணெய்க் கறுப்பு ஏறிப்போச்சு. அங்கேருந்து பீலி தெரியும், பீலியில யார் கொடம் நிக்குதுன்னு தெரியும், பள்ளிக்கூடம் போற பாதை தெரியும், பக்கத்து வாசல்ல என்ன காயுதுன்னு தெரியும். போறவங்க நின்னு பேசுவாங்க, ஆனா உள்ளுக்கு வரமாட்டாங்க. ரொம்ப வேண்டப்பட்டவங்க விளிம்புல உக்காருவாங்க. சொந்தக்காரங்க இஸ்தோப்ப தாண்டி காம்பராவுக்கு வருவாங்க. அடுப்படி வரைக்கும் போறது ரெண்டே பேருதான், சின்னம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும். இஸ்தோப்பு என்னமோ நாலடி அகலம்தான், அந்த நாலடிக்குள்ள தெருவுலேருந்து உறவு வரைக்கும் மூணு நாலு படி இருந்துச்சு. இதுல எந்தப் படிக்கும் சுவரு கெடையாது.

இதத்தான் லெஃபேவர்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 1974ல எழுதுனாரு, வரைபடத்துல இருக்குற எடம் ஒண்ணு, சனங்க வாழ்ந்து வாழ்ந்து உண்டாக்குற எடம் இன்னொண்ணுன்னு. பிளேன்ல அந்த நாலடி வெறும் ரெண்டு கோடு. வரையிறவன் எடம் மிச்சம்புடிக்க அத அழிச்சிட்டு ஹோல் பெருசாக்குனா, அவனப் பொறுத்தவரைக்கும் ஒண்ணும் போகல. உங்களுக்கு அந்த நாலு படியும் போயிரும், அப்புறம் வர்றவங்க ஒண்ணு நேரா ஹோலுக்குள்ள வரணும், இல்லாட்டி வராமலே போகணும்.

அடுப்படியும் இப்படித்தான். எங்க சொந்தத்துல ஒருத்தங்களுக்கு புது வீடு கெடச்சுச்சு, 550 சதுரடி, ரெண்டு ரூம், ஹோல், டைல்ஸ் போட்ட குசினி. போன முறை போறேன், பின்னால தகரத்த சாச்சுக் கட்டி அங்க விறகு அடுப்பு வச்சு சமைக்கிறாங்க. குசினியில புகை போக வழி இல்ல, கேஸ் வாங்குற செலவுக்கு கட்டுபடியாகல, அதோட அடுப்புக்கிட்ட குந்தி உக்கார எடமும் இல்ல. பழைய வீட்டுல அடுப்புக்கு மேல பரண், பரண்ல ஈர விறகு காயும், கீழ சுடுதண்ணி, ராத்திரி குளிர்ல பிள்ளைங்க எல்லாம் அங்கதான் ஒண்டிக்கிட்டு பாடம் படிக்கும். பஷ்லார்னு ஒருத்தர் 1957ல சொன்னாரு, வீட்டோட மூலை முடுக்குதான் மனுசன் கனவு காணுறதுக்கு காவலா இருக்குன்னு. நம்ம வீட்டுல அந்த மூலை அடுப்படிதான். குசினிய வீட்டோட பின்னால தள்ளுறதுக்கு முந்தி, குளிர்ல எல்லாரும் எங்க கூடுவோம்னு கேளுங்க, அந்த எடத்துக்கு பொகைக்கூண்டும் ரெண்டு பேர் உக்காருற திண்டும் வச்சாலே போதும்.

ராத்திரியில ஒரு பரீட்சை பண்ணிப் பாருங்க. கரண்டு போன நேரமா பாத்து, டோர்ச் அடிக்காம பழைய வீட்டுக்குள்ள நடங்க. எங்க தலைய குனியணும், எந்தப் படி ஒசரம், தண்ணிப் பானை எங்கன்னு கால்கையே சொல்லும். மெர்லோ போந்திங்கிற பிரெஞ்சு தத்துவக்காரர் 1945லயே இத எழுதிட்டாரு, எடம் மொதல்ல ஒடம்புக்குத்தான் தெரியும், புத்திக்கு அப்புறம்தான்னு. உங்க ஒடம்பு எங்கெல்லாம் சுருங்குதுன்னும் கவனிங்க, அதையும் எழுதுங்க, ஏன்னா லயத்துல நல்லது மட்டுமா இருந்துச்சு. நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது, பக்கத்து காம்பராவுல இருமுனா இங்க கேக்கும், புருசன் பொண்டாட்டி பேச்சுக்கு மறைவு கெடையாது, வயசுக்கு வந்த பிள்ளைக்கு உடுப்பு மாத்த எடம் கெடையாது. லயத்த நெனச்சு உருகுறவங்க இத மறந்துடறாங்க, எனக்கு அது புடிக்காது.

பார்வையப் பத்தியும் யோசிக்கணும். பெந்தம்னு ஒரு இங்கிலீஷ்காரர் 18ம் நூற்றாண்டு கடைசியில ஒரு ஜெயில் பிளேன் போட்டாரு, நடுவுல ஒரு கோபுரம், சுத்தி அறை, கோபுரத்துல ஆள் இருக்கானா இல்லையான்னு கைதிக்கு தெரியாது, அதனால எந்நேரமும் பாக்குறாங்கன்னு நெனச்சே அடங்கி இருப்பான். ஃபூக்கோங்கிற பிரெஞ்சு தத்துவக்காரர் 1975ல இத எடுத்து, கட்டடமே ஆளுற கையா மாறுறத விளக்குனாரு. எங்க தோட்டத்துல தொரை பங்களா மேட்டுல, லயம் பள்ளத்துல, காலையில ஆள் எண்ணி வேலை பிரிக்கிற பெரட்டுக்களம் ரெண்டுக்கும் நடுவுல. கோபுரம்னு ஒண்ணும் இல்ல, ஆனா வரிசையா ஒரே மாதிரி கதவு, எண்ணுறதுக்கு லேசு. இப்ப உங்க பிளேன எடுத்துப் பாருங்க. வாசக் கதவத் தொறந்தா எது வரைக்கும் தெரியுது? கட்டில் தெரிஞ்சா, பொம்பளைங்க குளிக்கப் போற வழி தெரிஞ்சா கதவ மாத்துங்க. அதே நேரம் உள்ளுக்கிருந்து பாதை தெரியணும். வெளிய பாக்குற கண்ணு இப்ப நம்மளோடதா இருக்கணும்ங்கிறதுல நான் விட்டுக்குடுக்கமாட்டேன்.

சாமி எடத்த மறந்துடாதீங்க, இதுவும் கருதான். மாசி மாசம் காமன் கூத்துக்கு கம்பம் ஊண்டுறப்ப பாத்திருப்பீங்க, வருசம் பூரா பிள்ளைங்க கிரிக்கெட் அடிக்கிற வெறும் பொட்டல், கம்பம் நட்டதும் அன்னைலேருந்து செருப்போட தாண்டமாட்டோம். செவரு இல்ல, கூரை இல்ல, ஒரே ஒரு கம்பு, எடம் மாறிடுது. வீட்டுக்குள்ளயும் சாமித்தட்ட கடைசியில எங்கயாச்சும் ஆணி அடிச்சு மாட்டிக்கலாம்னு விடாம, அந்த மூலைக்கு வெளிச்சம் எங்கேருந்து வருதுன்னு மொதல்லயே பாத்து வைங்க.

உரி கடைசியா வரும். இதுக்கு கண்டியில பொறந்த மினெட் டி சில்வாகிட்ட கத்துக்கலாம். 1948ல பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர் கழகத்துல சேந்த மொத ஆசியப் பொண்ணு அவங்க. மலைச் சரிவ வெட்டித் தள்ளாம சரிவோடயே தட்டுத் தட்டா வீடு எறக்குனவங்க. 1950கள் கடைசியில கண்டி வட்டபுலுவவுல வீட்டுத் திட்டம் செஞ்சப்ப, குடிவரப்போற குடும்பங்களுக்கு கேள்வித்தாள் குடுத்து எப்படி வாழுறீங்கன்னு கேட்டுட்டுத்தான் வரைஞ்சாங்க. நீங்களும் வீட்டுல ஒவ்வொருத்தரயும் தனித்தனியா கேளுங்க, கூட்டத்துல கேட்டா அப்பா சொல்றதுக்கு எல்லாரும் தலையாட்டுவாங்க. அழணும்னா எங்க போவ, கோவம் வந்தா எங்க போவ, விருந்தாளி வந்தா நீ எங்க இருப்ப, செத்த வீடு நடந்தா பொணத்த எங்க கெடத்துவோம், சனம் எங்க நிக்கும். கேக்க சங்கடமாத்தான் இருக்கும், ஆனா எங்க வீட்டுல கேட்டப்ப தங்கச்சி சொன்னா, அழணும்னா பீலிக்குப் போயி மூஞ்சி கழுவுற மாதிரி நிப்பேன்னு. இருபது வருசம் ஒரே காம்பராவுல இருந்தும் அது எனக்குத் தெரியாது.

எல்லாம் எழுதுனப்புறம் கடதாசிக்கு போகாதீங்க. காணிக்குப் போங்க. 7 பேர்ச்னா ஏறக்குறைய 1,900 சதுரடி, வீடு அதுல மூணுல ஒரு பங்குக்கும் கொறவு, மிச்சம் இருக்குற வாசலும் வீடுதான். நாலு குச்சி, ஒரு கயிறு, ஒரு வாளி சாம்பல் எடுத்துக்கிட்டுப் போயி சுவர் வர்ற எடத்துல எல்லாம் சாம்பல் கோடு போடுங்க. கதவு எடத்துல கோட்ட விடுங்க. அப்புறம் வீட்டுல எல்லாரையும் கூட்டிட்டுப்போயி அந்தக் கோட்டுக்குள்ள ஒரு மணி நேரம் இருக்கச் சொல்லுங்க, பிளாஸ்க்குல தேத்தண்ணி கொண்டு போங்க, யாருக்கும் எங்க உக்காரணும்னு சொல்லிக்குடுக்காதீங்க.

நாங்க செஞ்சப்ப அம்மா நேராப் போயி இஸ்தோப்புக் கோட்டுல, வலது கால் வெளிய போட்டு உக்காந்துச்சு, அம்மாயி மாதிரியே. கொஞ்ச நேரம் அங்கிட்டும் இங்கிட்டும் பாத்துட்டு, இங்கேருந்து பாதை தெரியலயேடா, மூலைச் சுவர் மறைக்குதுன்னுச்சு. குச்சியப் புடுங்கி ரெண்டடி உள்ளுக்கு நட்டோம். ரூம் ரெண்டடி சின்னதாச்சு.