எஸ்டிபி ஆய்வகத்தை ஒழுங்கு செய்வது எப்படி: பிஓடி பிளாங்கிலிருந்து தொடங்குங்கள்

நகராட்சி கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆய்வகப் பொறுப்பு புதிதாகக் கைக்கு வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். டைட்ரேஷன் செய்வது, நார்மாலிட்டி கணக்கிடுவது, கரைசல் தயாரிப்பது எல்லாம் கல்லூரியிலேயே பழகியிருப்பீர்கள். அவற்றைத் தொடவில்லை. தினமும் எந்த வரிசையில் எதைச் செய்வது, எந்த எண்ணை நம்புவது, எங்கே வழுக்கும் என்பதை மட்டும் பார்ப்போம்.

முதல் வேலை, உங்கள் நிலையத்துக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தந்த இசைவாணையைப் பிரதி எடுத்து மேசைக்கு எதிரே ஒட்டுவது. 2017 அக்டோபர் 13 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கையில் பெருநகரங்களுக்கு பிஓடி (நீரிலுள்ள கரிமப் பொருளைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன்) 20, மற்ற ஊர்களுக்கு 30 மி.கி./லி. என்று இருந்தது. 2019 ஏப்ரல் 30 அன்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அதை பிஓடி 10, சிஓடி (வேதிமுறையில் ஆக்சிஜனேற்ற வேண்டிய ஆக்சிஜன்) 50, டிஎஸ்எஸ் (நீரில் தொங்கும் திடப்பொருள்) 20 என்று இறுக்கியது. உங்களைக் கட்டுப்படுத்துவது எது என்பது இசைவாணையில்தான் இருக்கும். வரம்பு 30 ஆக இருந்த காலத்தில் 4 மி.கி. பிழை பெரிதாகத் தெரியாது. வரம்பு 10 என்றால் அதே 4 மி.கி. ஒரு நல்ல நிலையத்தைத் தவறியதாகவும், தவறிய நிலையத்தை நல்லதாகவும் காட்டிவிடும். கோயம்பேடு, கொடுங்கையூர் போன்ற இடங்களில் சுத்திகரித்த நீர் 45 எம்எல்டி (நாளுக்கு 45 மில்லியன் லிட்டர்) ஆர்ஓ ஆலைகளுக்கும் போகிறது. அங்கே அவுட்லெட் எண் தவறினால் அடி நேராக மெம்பிரேனில் விழும்.

1. மாதிரி எடுக்கும் இடம்

இன்லெட் மாதிரியை ஸ்கிரீனும் கிரிட் சேம்பரும் தாண்டி எடுங்கள். ஆனால் கசடைப் பிழியும் சென்ட்ரிஃபியூஜின் நீரும் ஃபில்டர் பேக்வாஷும் வந்து சேரும் இடத்துக்கு முன்னால் எடுக்க வேண்டும். அவை கலந்த பிறகு எடுத்தால் சென்ட்ரிஃபியூஜ் ஓடும் நாளில் இன்லெட் டிஎஸ்எஸ் திடீரென ஏறும். ஊரில் ஏதோ தொழிற்சாலை திறந்துவிட்டது என்று தேட ஆரம்பிப்பீர்கள்.

காலை பத்து மணிக்கு ஒரு வாளி மொண்டு வருவது அந்த நிமிடத்தின் கதைதான். காலை உச்சத்துக்கும் பின்னிரவுக்கும் இன்லெட்டின் வலிமை வெகுவாக மாறும். ஆட்டோ சாம்ப்ளர் இல்லையென்றால் ஷிஃப்ட் ஆபரேட்டரிடம் சொல்லி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்து, ஃப்ரிட்ஜில் 4 டிகிரியில் வைக்கச் சொல்லுங்கள். மறுநாள் காலை ஃப்ளோமீட்டர் அளவுகளின் விகிதத்தில் கலந்தால் 24 மணி நேரக் கூட்டு மாதிரி கிடைக்கும். இரண்டு மட்டும் இப்படிச் சேர்த்து வைக்கக் கூடாதவை. எண்ணெய்-கிரீஸ் மாதிரிக்குத் தனிக் கண்ணாடி பாட்டில் வேண்டும், முழு பாட்டிலையும் சோதிக்க வேண்டும். மலக் கோலிஃபார்ம் மாதிரிக்குத் தயோசல்ஃபேட் இட்டுக் கிருமிநீக்கிய பாட்டில் வேண்டும். தயோசல்ஃபேட் இல்லாவிட்டால் வழியெல்லாம் குளோரின் வேலை செய்துகொண்டே வரும், ஆய்வகத்தில் பொய்யான நல்ல எண் கிடைக்கும்.

2. காலை ஒன்பதரைக்குள் ஆபரேட்டருக்குப் போக வேண்டியவை

பிஓடி முடிவு மூன்று நாள் கழித்துத்தான் வரும். அதை வைத்து யாரும் நிலையத்தை ஓட்ட முடியாது. இன்று புளோயரைக் கூட்டுவதா, ஸ்லட்ஜை (நுண்ணுயிர்க் கசடை) வேஸ்ட் செய்வதா, அதாவது வெளியேற்றுவதா என்பதற்கு வேண்டியவை ஏரேஷன் டேங்க் டிஓ (கரைந்த ஆக்சிஜன்), எஸ்வி30 (ஒரு லிட்டர் டேங்க் நீரில் 30 நிமிடத்தில் படியும் ஸ்லட்ஜ், மி.லி.), எம்எல்எஸ்எஸ் (டேங்க் நீரிலுள்ள திடப்பொருள், மி.கி./லி.), எஞ்சிய குளோரின். டிஓவையும் குளோரினையும் டேங்க் ஓரத்திலேயே பாருங்கள். பாட்டிலில் கொண்டுவந்தால் வழியிலேயே குறைந்துபோகும்.

எஸ்வி30-ஐயும் தளத்திலேயே வைப்பது நல்லது. ஒரு லிட்டர் சிலிண்டரைவிட அகலமான இரண்டு லிட்டர் செட்டில்மீட்டரைத்தான் நான் பரிந்துரைப்பேன். ஒல்லியான சிலிண்டரில் ஸ்லட்ஜ் சுவரைப் பற்றிக்கொண்டு மெதுவாக இறங்கும். எம்எல்எஸ்எஸ் 2,500, எஸ்வி30 350 என்றால் எஸ்விஐ (ஒரு கிராம் ஸ்லட்ஜ் பிடிக்கும் இடம், மி.லி.) 140. 150-ஐத் தாண்டினால் கவனிக்கத் தொடங்க வேண்டும்.

எஸ்வி30 900-க்கு மேல் நின்றால் உடனே இழைநுண்ணுயிர் என்று முடிவு கட்டாதீர்கள். அவுட்லெட் நீரோடு சரிபாதி கலந்து மறுபடி வையுங்கள். 300-க்கு இறங்கிவிட்டால் டேங்கில் ஸ்லட்ஜ் அதிகம், அவ்வளவே, வேஸ்டிங்கைக் கூட்டினால் போதும். கலந்த பிறகும் இறங்க மறுத்தால்தான் மைக்ரோஸ்கோப்பை எடுக்க வேண்டும். 30 நிமிடம் முடிந்ததும் சிலிண்டரைக் கழுவிவிடாமல் இன்னும் ஒன்றரை மணி நேரம் விட்டு வையுங்கள். படிந்த ஸ்லட்ஜ் கட்டியாக மேலே எழும்பினால் அடியில் டீநைட்ரிஃபிகேஷன் (நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாவது) நடக்கிறது. ஸ்லட்ஜ் படியும் தொட்டியான கிளாரிஃபயரிலும் அதுவே நடக்கப் போகிறது. ரிடர்ன் ஸ்லட்ஜை வேகப்படுத்தச் சொல்லுங்கள்.

3. பிஓடி

நம் நாட்டில் ஐஎஸ் 3025 பகுதி 44-இன்படி 27 டிகிரியில் 3 நாள். அமெரிக்கக் கையேடுகளில் 20 டிகிரியில் 5 நாள். அறிக்கையில் எது என்று எழுதுங்கள்.

நாள் பார்த்து வையுங்கள். வியாழன் வைத்தால் ஞாயிறு எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆய்வகத்தில் ஆள் இல்லையென்றால் வியாழனைத் தவிர்த்து அட்டவணை போடுங்கள். "திங்கள் எடுத்துக்கொள்ளலாம்" என்று விட்டால் அது நான்கு நாள் பிஓடி.

டைல்யூஷன் வாட்டருக்கு லிட்டருக்கு 1 மி.லி. வீதம் பாஸ்பேட் பஃபர், மெக்னீசியம் சல்பேட், கால்சியம் குளோரைடு, ஃபெர்ரிக் குளோரைடு சேர்க்க வேண்டும். பஃபரின் பிஎச் 7.2. பஃபர் பாட்டிலில் மெல்லிய படலமோ, அடியில் பூஞ்சையோ தெரிந்தால் கொட்டிவிடுங்கள்.

தொடக்கநிலையாளர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான். டைல்யூஷன் வாட்டரை மட்டும் ஊற்றிய பாட்டில், அதாவது பிளாங்க், மூன்று நாளில் 0.2 மி.கி./லி.-க்கு மேல் ஆக்சிஜனை இழக்கக் கூடாது. இழந்தால் அன்றைய தொகுதி முழுவதும் சந்தேகம். அது 0.6, 0.8 என்று வரும்போது எல்லோரும் முதலில் பழிபோடுவது டிஸ்டில்ட் வாட்டர் மேல். அதுவும் காரணமாக இருக்கலாம். அயன் எக்ஸ்சேஞ்ச் ரெசின் பழையதானால் கரிமப் பொருளைக் கசியவிடும். தண்ணீர் பிடிக்கும் ரப்பர் டியூப், வெளிச்சத்தில் வைத்த வெள்ளை கேன், எண்ணெய் கலந்த காற்றைத் தள்ளும் கம்ப்ரசர், சோப்பு சரியாகப் போகாத பாட்டில் எல்லாமே கெடுக்கும். ஆனால் இவற்றையெல்லாம் மாற்றிய பிறகும் பிளாங்க் இறங்காமல் இருந்தால் ஏசியைப் பாருங்கள்.

27 டிகிரி நீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ 8.0 மி.கி./லி. வரைதான் கரையும். 22 டிகிரியில் 8.7 கரையும். ராத்திரி முழுக்க ஏசி அறையில் காற்றேற்றிய டைல்யூஷன் வாட்டரைக் காலையில் அப்படியே ஊற்றி இன்குபேட்டரில் வைத்தால், 27 டிகிரிக்கு வந்ததும் கூடுதல் ஆக்சிஜன் குமிழாகப் பிரியும். மூன்றாம் நாள் டிஓ குறைந்திருக்கும். எந்த நுண்ணுயிரும் அதைத் தின்னவில்லை, ஆனால் கணக்கு அப்படித்தான் காட்டும். ஃப்ரிட்ஜிலிருந்து நேராக எடுத்த மாதிரியில் இது இன்னும் மோசம்.

ஆகவே வரிசை இது. டைல்யூஷன் வாட்டர் கேனை முந்தைய நாளே இன்குபேட்டருக்குள் வையுங்கள். மாதிரியையும் 27 டிகிரி வாட்டர் பாத்தில் வைத்து வெப்பநிலைக்குக் கொண்டுவாருங்கள். கேனைப் பாதியளவே நிரப்பி, மூடி, நன்றாகக் குலுக்கி, அரை மணி நேரம் அசையாமல் விடுங்கள். முதல் நாள் டிஓ 8.0-க்கு மேல் காட்டினால் ஊற்றாதீர்கள், மறுபடி குலுக்கி விடுங்கள். பாட்டிலை நிரப்பும்போது குழாயை அடிவரை விட்டு மெதுவாக நிரப்ப வேண்டும். மூடிய பிறகு சாய்த்துப் பார்த்தால் ஒரு குமிழ்கூட இருக்கக் கூடாது. கழுத்தில் நீர் முத்திரை வைத்து அதன்மேல் பிளாஸ்டிக் தொப்பி போடுங்கள். தொப்பி இல்லாவிட்டால் மூன்று நாளில் முத்திரை நீர் வற்றி, காற்று உள்ளே போகும்.

300 மி.லி. பாட்டிலில் எவ்வளவு மாதிரி? மூன்று நாள் முடிவில் குறைந்தது 2 மி.கி./லி. குறைந்திருக்க வேண்டும், 1 மி.கி./லி. மீதமிருக்க வேண்டும். இன்லெட்டுக்கு 3, 6, 9 மி.லி. வைத்தால் ஏறக்குறைய 70-இலிருந்து 650 வரை பிடித்துவிடும். அவுட்லெட்டுக்கு 60, 150 மி.லி. வையுங்கள். சிலர் பழக்கத்தில் அவுட்லெட்டுக்கும் 15 மி.லி. மட்டும் ஊற்றுகிறார்கள். அப்போது பெருக்கல் எண் 20. டிஓ அளவில் 0.2 தவறினால் விடையில் 4 தவறும். முன்பு சொன்ன அந்த 4 மி.கி. பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது.

குளோரின் கலந்த அவுட்லெட் மாதிரியில் சாப்பிட நுண்ணுயிர் இருக்காது. சோடியம் சல்ஃபைட்டால் குளோரினை முழுக்க நீக்கி, விதை, அதாவது உயிருள்ள நுண்ணுயிர்கள், சேர்க்க வேண்டும். படியவைத்த கழிவுநீரின் தெளிவான மேல்பகுதியை டைல்யூஷன் வாட்டரில் லிட்டருக்கு 2 மி.லி. சேர்த்துத் தொடங்குங்கள். விதையால் மட்டும் ஏற்படும் இழப்பு 0.6 முதல் 1.0-க்குள் வருமாறு அளவைச் சரிசெய்து, அதைக் கணக்கில் கழித்துவிடுங்கள். விதை சேர்க்காமல் வரும் "பிஓடி 3" எல்லோருக்கும் பிடித்த எண். அதை நம்பி ஏரியில் விடுகிற நீருக்கு அந்த ஏரிதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

விங்க்லர் டைட்ரேஷனில் 201 மி.லி. எடுத்து 0.025 நார்மல் தயோசல்ஃபேட்டால் டைட்ரேட் செய்தால், பியூரெட்டின் 1 மி.லி. நேராக 1 மி.கி./லி. டிஓ. வாரம் ஒருமுறை தயோவை டைக்ரோமேட்டால் ஸ்டாண்டர்டைஸ் செய்யுங்கள். நீலம் முதல்முறை மறையும் இடமே முடிவு. சற்று நேரத்தில் திரும்பி வரும் நீலத்தைத் துரத்தக் கூடாது. டெஃப்லான் குழாய் வைத்த பியூரெட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் காசு கொடுங்கள். கண்ணாடிக் குழாயில் தடவும் கிரீஸே பல ஆய்வகங்களில் தொல்லை.

ஒவ்வொரு தொகுதியோடும் ஒரு குளூக்கோஸ்-குளுடாமிக் அமிலப் பாட்டில் வைப்பதை விடாதீர்கள். இரண்டும் தலா 150 மி.கி. ஒரு லிட்டரில் கரைத்து, அதில் 6 மி.லி., விதையோடு. 198 ± 30.5 என்ற எல்லை 20 டிகிரி, 5 நாள் சோதனைக்கானது. 27 டிகிரிக்கு உங்கள் ஆய்வகத்தின் சொந்த முடிவுகளைச் சேர்த்து வரைபடம் போட்டு, அதற்குள் நிற்கிறதா என்று பாருங்கள்.

4. சிஓடியும் அதன் கழிவும்

ஓபன் ரிஃப்ளக்ஸைவிட குளோஸ்டு ரிஃப்ளக்ஸ் வயலும் 150 டிகிரி டைஜஸ்டர் பிளாக்கும் எனக்கு எப்போதும் மேல். கண்டென்சருக்கு ஓடும் குழாய்த் தண்ணீரும் மிச்சம், பாதரசமும் குறைவு. 425 மி.கி. கேஎச்பி (பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்) ஒரு லிட்டரில் கரைத்தால் 500 சிஓடி வர வேண்டும். கடலோர ஊர்களில் உப்பு நிலத்தடி நீர் கழிவுநீர்க் குழாயில் கசிவதால் குளோரைடு ஏறும். மெர்க்குரிக் சல்பேட் குளோரைடைப் போலப் பத்து மடங்கு எடை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அவுட்லெட் சிஓடி காரணமில்லாமல் உயரும்.

வீட்டுக் கழிவுநீர் இன்லெட்டில் சிஓடி பெரும்பாலும் பிஓடியின் இரண்டு, இரண்டரை மடங்கு இருக்கும். பிஓடி சிஓடியைத் தாண்டினால் இரண்டில் ஒன்று நிச்சயம் தவறு. கையெழுத்திடும் முன் இந்த ஒன்றையாவது பாருங்கள்.

டைஜஸ்ட் செய்த கரைசலில் பாதரசம், வெள்ளி, குரோமியம் மூன்றும் உள்ளன. "நம் இன்லெட்டுக்குத்தானே போகிறது" என்று சிங்க்கில் ஊற்றக் கூடாது. பாதரசம் உயிரியல் முறையில் அழியாது, ஸ்லட்ஜில் போய்ச் சேரும். அந்த ஸ்லட்ஜை ஒரு விவசாயி வயலுக்கு எடுத்துப் போகலாம். ஆறவைத்து, லேபிள் ஒட்டிய தனி எச்டிபிஇ கேனில் சேர்த்து, 2016 அபாயகரக் கழிவு விதிகளின்படி அங்கீகரிக்கப்பட்ட அகற்றுநரிடம் கொடுங்கள். பிஓடியின் விங்க்லர் டைட்ரேஷனில் வரும் அசைடு கழிவை இந்தக் கேனில் கலக்காதீர்கள். அமிலத்தோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும்.

5. பதிவேடு

கட்டுப் போட்ட, பக்க எண் இட்ட நோட்டு. பென்சில் கூடாது, வெள்ளை மை கூடாது. ஒரு கோடு அடித்து, சரியானதை எழுதி, சுருக்கொப்பம் இடுங்கள். பியூரெட்டின் தொடக்க, முடிவு அளவுகளும் அதிலேயே இருக்க வேண்டும். எக்செல் அதற்குப் பிறகு. இன்குபேட்டர் வெப்பநிலையைக் காலை, மாலை எழுதுங்கள். மின்தடை நேரத்தையும் அங்கேயே குறியுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுச் சிலர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "எங்கள் எஸ்பிஆர் (ஒரே டேங்கில் தொகுதி தொகுதியாகச் சுத்திகரிக்கும்) நிலையத்தில் சிஓடி 30, அம்மோனியா குறைவு, நீரும் கண்ணாடி மாதிரி, ஆனால் பிஓடி மட்டும் 14 வருகிறது." அவுட்லெட்டில் தப்பிவரும் நைட்ரிஃபையர்கள் பாட்டிலுக்குள் அம்மோனியாவை நைட்ரேட்டாக்கிக்கொண்டு ஆக்சிஜனைத் தின்கின்றன. டைல்யூஷன் வாட்டரில் நாம் சேர்க்கும் பஃபரிலும் அம்மோனியம் குளோரைடு இருக்கிறது, அதுவும் அவற்றுக்கு உணவு. ஒரே மாதிரியில் இரண்டு பாட்டில் வையுங்கள். ஒன்றில் லிட்டருக்கு 2 மி.கி. அளவில் அல்லைல்தயோயூரியா சேருங்கள். வித்தியாசம் 5, 6 வந்தால் காரணம் அதுதான். இரண்டு எண்களையும் தனித்தனியே, எது தடுப்பானோடு என்ற குறிப்போடு பதிவேட்டில் எழுதுங்கள். சொல்லாமல் குறைந்த எண்ணை மட்டும் அறிக்கையில் ஏற்றக் கூடாது.

இன்னொரு கேள்வி, டிஓ மீட்டர் போதுமா என்பது. ஆப்டிகல் புரோபும் ஸ்டிரரும் இருந்தால் தாராளமாகப் போதும், அசைடும் மிச்சம். மெம்பிரேன் புரோப் என்றால் தினமும் கேலிபிரேட் செய்து, வாரம் ஒரு பாட்டிலை விங்க்லரோடு ஒப்பிடுங்கள். 0.2-க்கு மேல் விலகினால் மெம்பிரேனை மாற்றும் நேரம்.