தட்டுக்கு முன்னால் கணக்குப் பேசாதீர்கள்

"எண்ணெய் ஊத்துன தோசை வேணாம்மா" என்று பதினைந்து வயது மகள் தட்டைத் தள்ளினால், "அரை ஸ்பூன் எண்ணெயில என்னடி ஆயிடும்?" என்று கேட்கத்தான் வாய் வரும். கேட்காதீர்கள். அனோரெக்சியா, அதாவது குண்டாகிவிடுவோமோ என்ற பயத்தில் சாப்பாட்டையே ஒதுக்கும் மனநோய், வந்த பிள்ளைக்கு அந்த அரை ஸ்பூனின் கலோரி உங்களைவிட நன்றாகத் தெரியும். வாதம் நீண்டால் தோசை ஆறும், அவள் எழுந்து போய்விடுவாள்.

இந்தப் பிடிவாதத்தில் பெரும்பங்கு பட்டினி செய்யும் வேலை. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்வில், ஆரோக்கியமான 36 இளைஞர்கள் ஆறு மாதம் அரைவயிற்றோடு இருந்தார்கள். அவர்களுக்கும் நினைப்பெல்லாம் சாப்பாடுதான்; சமையல் குறிப்பு சேகரித்தார்கள், ஒரு தட்டை மணிக்கணக்கில் அளைந்தார்கள், எரிந்து விழுந்தார்கள். ஆகவே, மனசு சரியானால் சாப்பிடுவாள் என்று காத்திருக்க வேண்டாம். சோறு முதலில்.

அவள் பேச்சைக் கவனியுங்கள். "ஒரு இட்லி கூடிடுச்சு, இன்னிக்கு எல்லாமே போச்சு" என்பது நடுவழியே தெரியாத எண்ணம். "வயிறு உப்பியிருக்கு, குண்டாயிட்டேன்" என்றால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று தள்ளக் கூடாது. பட்டினி கிடந்த இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும், உப்புசம் நிஜம். அதிலிருந்து அவள் எடுக்கும் முடிவுதான் தப்பு. "முகம் தெளிஞ்சிருக்கே" என்று அத்தை மெச்சுவதும் அவள் காதில் "குண்டாயிட்டே" என்றுதான் விழும். வீட்டுக்கு வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ஆனால் சாப்பாட்டைக் கூட்டும் முன் மருத்துவரைப் பாருங்கள். பல நாள் சாப்பிடாதவருக்குத் திடீரென நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் சொல்லும் அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி, மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு மூன்று சிற்றுண்டி என்று கொண்டுவாருங்கள். பரிமாறுவது பெரியவர் வேலை. "எவ்வளவு வைக்க?" என்று கேட்டால் நோய்தான் பதில் சொல்லும். பக்கத்தில் உட்கார்ந்து, "கஷ்டமா இருக்குன்னு தெரியுது கண்ணு, அடுத்த வாய் எடு" என்பதையே அலுக்காமல் சொல்லுங்கள். முடிந்ததும் ஒரு மணி நேரம் கேரமோ டிவியோ. சாப்பிட்டதை வாந்தியெடுக்க பாத்ரூமுக்குப் போவதைத் தள்ளிப்போடத்தான்.

மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, அடிக்கடி வாந்தி, சும்மா இருக்கையில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 50க்குக் கீழே, சாக வேண்டும் என்ற பேச்சு: எது வந்தாலும் அன்றே மருத்துவமனை. ரத்த ரிப்போர்ட் நார்மல் என்பதாலோ, ஆள் ஒல்லியாகத் தெரியவில்லை என்பதாலோ தள்ளிப்போடாதீர்கள். நோய் முற்றிய பிறகும் ரிப்போர்ட் நார்மலாக வருவதுண்டு. யாரிடம் போவதென்று தெரியாவிட்டால், இந்தியாவில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 எந்நேரமும் எடுக்கும், தமிழிலும் பேசலாம்.