அவகாடோ ஏற்றுமதி: புதிதாக இறங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு புதுத் தோட்டம் பார்க்கப் போயிருந்தேன். நட்டு நான்காவது வருடம், கொத்துக் கொத்தாகக் காய். “சைஸ் வந்துடுச்சுண்ணே, அடுத்த வாரம் பறிச்சு அனுப்பிடப் போறோம்” என்றார் தோட்டக்காரர். என் முதல் அறுவடையில் நானும் இதையேதான் சொன்னேன். அன்று என்னைத் தடுக்க ஆள் இல்லாமல் போயிற்று. அதனால்தான் இதை எழுதுகிறேன். களை எடுங்கள், உரம் போடுங்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அது உங்களுக்கே தெரியும்.

கொட்டை போட்டு வளர்ப்பது

தாய்மரம் போலக் காய்க்காது, காய்க்கவும் பல வருடம் இழுக்கும். ஒட்டுக்கன்று மட்டும் நடுங்கள்.

அளவைப் பார்த்துப் பறிப்பது

என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு இதுதான்.

அவகாடோ மரத்தில் பழுக்காது. நன்றாக முற்றிய காயும் கிளையில் மாதக்கணக்கில் கல் மாதிரியே தொங்கும். பறித்த பிறகுதான் இளகும். அழுத்திப் பார்த்து முற்றலைச் சொல்ல முடியாது. ஆனால் முற்ற முற்றச் சதையில் எண்ணெய் ஏறும், தண்ணீர் குறையும். ஆகவே ஏற்றுமதியில் உலர் எடையை, அதாவது சதையில் தண்ணீர் போக மிஞ்சுவது எத்தனை சதவீதம் என்பதைக் கேட்கிறார்கள். ஹாஸ் ரகத்துக்கு ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத் தரநிலைப்படி குறைந்தது 21 சதவீதம் வேண்டும்.

நான் அனுப்பிய வருடம் விலை ஏறியிருந்தது, வாங்குபவரும் அவசரப்படுத்தினார். காய் கைக்கு அடக்கமாக, பளபளவென்று இருந்தது. போய் இறங்கியபோதும் குறை சொல்ல ஒன்றுமில்லை. பழுக்க வைக்கும் அறைக்குள் போன பிறகு போட்டோ வந்தது: தோல் சுருங்கி, சதை ரப்பராகி, கத்தி வழுக்கிக்கொண்டு போகிறது. மொத்தச் சரக்கும் குப்பைக்குப் போனது. பணத்தைவிட வலித்தது அடுத்த பருவத்தில்தான். அந்த வாங்குபவர் என் போனையே எடுக்கவில்லை. ஒரு நல்ல எடைத் தராசும் மைக்ரோவேவும் இருந்திருந்தால் தோட்டத்திலேயே தெரிந்திருக்கும் விஷயம் இது!

செய்ய வேண்டியது இவ்வளவுதான். தோட்டத்தின் பல மூலைகளிலிருந்து பத்துக் காய் எடுங்கள். தோலையும் கொட்டையையும் நீக்கி, ஒவ்வொரு காயிலிருந்தும் தனித்தனியாக 10 கிராம் சதையை மெல்லிசாகத் துருவுங்கள். குறைந்த சூட்டில், கருக விடாமல், எடை இனி இறங்காது என்கிற வரை காய வையுங்கள். 2.1 கிராம் மிஞ்சினால் 21 சதவீதம், 1.8 தான் மிஞ்சியது என்றால் பறிக்காதீர்கள். வெட்டும்போது கொட்டையின் மேலுறையையும் பாருங்கள். இளங்காயில் அது வெளிறித் தடிப்பாக ஒட்டியிருக்கும். முற்றியதில் பழுப்பாகிக் காகிதம் மாதிரி மெலிந்திருக்கும். அது ஓர் அறிகுறிதான், வாங்குபவரிடம் காட்ட எண் வேண்டும்.

சராசரி 21 வந்துவிட்டது என்றும் பறித்துவிடாதீர்கள். பூ வாரக்கணக்கில் விட்டு விட்டுப் பூப்பதால் ஒரே மரத்தில் இளசும் முற்றியதும் கலந்து நிற்கும். பத்தில் மூன்று 19 இல் இருந்தால் புகார் வரப்போவது அந்த மூன்றால்தான்.

அந்தப் புதுத் தோட்டத்தில் அன்றைக்கே சோதித்தோம். மிஞ்சியது 1.7 கிராம். லாரிக்குச் சொல்லியிருந்ததை அங்கேயே நின்று ரத்து செய்தார்.

தண்ணீர் தேங்கும் நிலம்

வேண்டாம். வேரழுகல் பிடித்த மரத்தை மீட்பது பெரும்பாடு. சுமாரான வடிகால் என்றாலும் மேடு கட்டித்தான் நட வேண்டும்.

காம்பு பிய்யும்படி பிடுங்குவது

காம்பு பிய்ந்த இடம் வழியாகப் பூஞ்சை நுழைந்து, பயணத்தில் காம்புப் பக்கத்திலிருந்து அழுகும். கத்தரித்து, காம்புத் துண்டு காயில் நிற்கும்படி பறியுங்கள். தரையில் விழுந்ததைப் பெட்டியில் சேர்க்காதீர்கள்.

மருந்தை அடித்துவிட்டுப் பிறகு விசாரிப்பது

உங்கள் ஊரில் அனுமதி உள்ள மருந்து இறக்குமதி செய்யும் நாட்டில் செல்லும் என்று எண்ணாதீர்கள். காயில் மிஞ்சும் மருந்துக்குத் தனி வரம்பு வைக்காதபோது ஐரோப்பிய ஒன்றியம் பொதுவாக வைத்திருப்பது கிலோ காய்க்கு 0.01 மில்லிகிராம். எந்தச் சந்தை என்று முடிவு செய்துவிட்டு அதன் பட்டியலைப் பாருங்கள். அடித்த தேதி, அளவு எல்லாவற்றையும் அன்றன்றே எழுதி வையுங்கள்.

முத்திரை இல்லாத மரப் பேலட்

பெட்டிகளை அடுக்கும் மரத் தட்டுதான் பேலட். மரத்தில் பூச்சி போகாதபடி பதப்படுத்தியதைக் காட்டும் சர்வதேச விதியான ஐஎஸ்பிஎம் 15 இன் முத்திரை இருக்கிறதா என்று ஏற்றும் முன் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.