அணைய மறுத்த மடிக்கணினி

பழைய மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவியது எளிதாகவே முடிந்தது. 8 ஜிபி பென்டிரைவ், அரை மணி நேரம், அவ்வளவுதான். தலைவலி, அதை அணைக்கப்போனபோது வந்தது.

ஷட்டவுன் கொடுத்தால் திரையில் மின்ட்டின் சின்னம் மட்டும் நிற்கும்; விசிறி சுழன்றுகொண்டே இருக்கும். முதல் இரண்டு நாள் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தே அணைத்தேன். கோப்புகள் கெட்டுப்போகக்கூடிய முரட்டு வைத்தியம் அது என்று அப்போது தெரியாது.

மூன்றாம் நாள் தற்செயலாக எஸ்கேப் விசையைத் தட்டினேன். சின்னம் மறைந்து கறுப்புத் திரை வந்தது. சிவப்பு நட்சத்திரக் குறிகள் இடமும் வலமும் ஓட, பக்கத்தில் ஒரு கடிகாரம் 1 நிமிடம் 30 விநாடியை நோக்கி எண்ணிக்கொண்டிருந்தது. கணினி தொங்கவில்லை, எதற்காகவோ காத்திருந்தது!

மறுபடி இயக்கி, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில், கணினியின் பதிவேட்டைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையுடன் 'மைனஸ் பி மைனஸ் 1' சேர்த்து முந்தைய அமர்வின் பதிவுகளைப் பார்த்தேன். குற்றவாளி நானே. அண்ணனின் கணினியிலிருந்த புகைப்படக் கோப்புறையை வைஃபை வழியாக மவுன்ட் செய்து, அதாவது என் கணினியின் கோப்புறைபோலவே இணைத்து, வைத்திருந்தேன். அணையும்போது வைஃபை முதலில் துண்டிக்கப்பட, கோப்புறையை விடுவிக்க வழியில்லாமல், கணினியின் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி என்ற நிரல் தவித்திருக்கிறது.

காத்திருக்கும் நேரத்தை 10 விநாடியாகக் குறைக்கலாம். ஆனால் அது புண்ணுக்குமேல் பிளாஸ்திரி. வைஃபை இணைப்பின் அமைப்பில் எல்லாப் பயனர்களும் இணையலாம் என்ற கட்டத்தில் டிக் செய்தேன். அதனால் அணைக்கும்போது என் பயனர் கணக்கு வெளியேறிய பிறகும் இணைப்பு நிலைத்தது; கோப்புறையை விடுவிக்க முடிந்தது. இப்போது ஐந்தாறு விநாடியில் அணைகிறது.