ஊருக்குப் புறப்படும் முன், வயதான பூனைக்கு ஒரு வீடு

ஊரில் நீண்ட நாள் தங்கப் போகிறீர்கள் என்றால், பயணச்சீட்டு எடுக்கும் முன்பே பூனைக்கு வீடு தேடத் தொடங்குங்கள். நான் சீட்டை முதலில் எடுத்தேன்.

அம்மா படுத்துவிட்டார் என்று தெரிந்ததும், மூன்று மாதத்தில் வருகிறேன் என்றேன். அக்கா விடவில்லை. தினமும் போன். "அம்மா இங்க கிடக்கறாங்க, நீ அங்க பூனைக்கு வீடு தேடிட்டு இருக்கியா?" இருபது வருடமாக எல்லாவற்றையும் அவள் தலையில் விட்டுவிட்டு வெளிநாட்டில் இருந்தவன் இதற்கு என்ன சொல்ல முடியும்? பத்தே நாளில் கிளம்பிவிட்டேன். ஒரு வருடம் அம்மாவோடு இருந்தேன், அதில் குறையில்லை. ஆனால் அந்தப் பத்து நாளில் என் பூனை கறுப்பிக்குச் செய்தது இன்னும் உறுத்துகிறது.

அப்போது கறுப்பிக்கு 14 வயது, இன்னொரு பூனை சின்னவனுக்கு 11. ஒன்றின் முதுகில் மற்றது தலை வைத்துத்தான் தூங்கும். இரண்டையும் சேர்த்து எடுக்க ஆள் கிடைக்காததால் பிரித்துக் கொடுத்தேன். ஒட்டி வளர்ந்தவற்றைத் தயவுசெய்து பிரிக்காதீர்கள். கொடுக்கும்போது மரியாதைக்காகக் கறுப்பியின் போர்வையைத் துவைத்து மடித்துக் கொடுத்தேன். பூனை கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்துத் தன் வாசனையைப் பதித்து வைக்கும். அந்த வாசனை இருக்கும் இடம்தான் அதற்கு வீடு. அழுக்காகவே கொடுத்திருக்க வேண்டும்.

அங்கே போனதும் கட்டிலுக்கடியில் ஒடுங்கிவிட்டாள். ஒளிந்துகொள்வது சாதாரணம், முதல் சில நாள் ஒரே அறையில் விட்டு வைப்பதும் நல்லதுதான். சாப்பிடாமல் இருப்பது சாதாரணமல்ல. "பழகட்டும், விடுங்கள்" என்று நான்தான் சொல்லியிருந்தேன். எடுத்துக்கொண்டவர் என் பேச்சை நம்பி நான்காம் நாள்தான் மருத்துவரிடம் போனார். அவர் அனுப்பிய படத்தில் கறுப்பியின் காதின் உட்புறம் மஞ்சளாக இருந்தது. பூனை பட்டினி கிடந்தால் உடம்பில் உள்ள கொழுப்பெல்லாம் ஈரலுக்குப் போய்ச் சேரும். ஈரலால் தாங்க முடியாது. குண்டான பூனைக்கு ஆபத்து அதிகம், கறுப்பி குண்டு. கழுத்தில் குழாய் வைத்து வாரக்கணக்கில் ஊட்டித்தான் பிழைக்க வைத்தார்கள். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும் என்று தாளில் எழுதியே கொடுங்கள்.

அப்புறம், கொடுக்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை. வயதான பூனைகளுக்குச் சிறுநீரகக் கோளாறும் தைராய்டும் சத்தமில்லாமல் வரும். தண்ணீர் அதிகம் குடிப்பது, நன்றாகச் சாப்பிட்டும் மெலிவது போன்றவற்றைக் கவனியுங்கள். முடிவை மறைக்காதீர்கள். தெரிந்த பிறகும் எடுத்துக்கொள்கிறேன் என்பவர்தான் சரியான ஆள். இன்சுலின் போடும் பூனை என்றால் பெரும்பாலும் 12 மணி நேரத்துக்கு ஒரு ஊசி. போடும் விதத்தை உங்கள் கண் முன்னால் செய்து பார்க்கச் சொல்லுங்கள். அதே உணவைக் கொடுத்தனுப்புங்கள். மாற்றுவதானால் ஒரு வாரமாவது கொஞ்சம் கொஞ்சமாக. மூட்டு வலி உள்ள பூனைக்கு மலம் கழிக்க விளிம்பு தாழ்ந்த மணல் தட்டு வேண்டும். தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப்பில் வெறும் எண்தான் இருக்கிறது, அந்த எண்ணுக்கான பதிவில் புதியவரின் போன் எண்ணை மாற்றுங்கள்.

கூடவே கொண்டுபோகலாமே என்பார்கள். திரும்பும்போது பல நாடுகள் சிப், வெறிநோய்த் தடுப்பூசி, அதற்குப் பிறகு எடுத்த ரத்தத்தில் எதிர்ப்பு சக்தி மில்லிலிட்டருக்கு 0.5 அலகாவது இருப்பதற்கான சான்று எல்லாம் கேட்கும். அதைவிட, 14 வயதில் அந்தப் பயணத்தை அவளுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று: தற்காலிகமா, நிரந்தரமா என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். "வந்தால் பார்த்துக்கொள்வோம்" என்று நான் இழுத்தேன். திரும்பி வந்து சின்னவனை வாங்கிக்கொண்டேன். கறுப்பியைக் கேட்கவில்லை, ஊட்டிப் பிழைக்க வைத்தவரிடம் எப்படிக் கேட்பது?

இப்போது மறுபடி ஊருக்குப் போக வேண்டியிருக்கிறது. போன வாரம் அக்கா தேதி கேட்டாள். சின்னவனுக்கு இடம் பார்க்க மூன்று மாதம் வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தக் கறுப்பி இப்ப நல்லா சாப்பிடுதா?" என்று கேட்டாள்.